காப்பார் பக்கிரிசாமிக்கு ஒரு பூசை

பக்கிரிசாமியை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு என்னை யாரும் புண்ணியவதி என்று நினைத்து ஏமாற வேண்டாம்.

கிள்ளானை அடுத்த காப்பாரில் லோரி ஓட்டுகிறவர் அவர். மனைவி தவறிப் பல வருஷமாகிவிட்டது. அவருடைய மகள் தாமரை போன ஈஸ்டருக்கு எங்கள் கிள்ளான் கோயிலில் ஞானஸ்நானம் வாங்கினாள். கூட நின்ற ஞானத்தாய் நான். அன்றைக்குச் சாயங்காலமே அவளுடைய துணிமணிகளையெல்லாம் அள்ளி வீட்டுக்கு முன்னால் இருந்த சாக்கடையில் கொட்டினார் மனுஷன். அவள் அதிலிருந்து இரண்டு சுடிதாரைப் பொறுக்கி எடுத்து, ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். என்னிடம் ஓர் அறை சும்மா கிடந்தது. உள்ளே வா என்றேன். ஞானத்தாய் என்றால் மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொண்டு போட்டோவுக்கு நிற்கிற வேலை என்று அதுவரை நினைத்திருந்தேன்.

மறுவாரம் மோட்டார் சைக்கிளில் வந்துவிட்டார். என் வீட்டுக் கேட்டுக்கு முன்னால் நின்றுகொண்டு, தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினார்.

"பெத்திருந்தால்ல தெரியும். பெக்காதவ, ஊரான் புள்ளைய புடிக்க வந்துட்டா."

எனக்கு வயது ஐம்பத்து நான்கு. கல்யாணம் கூடி வரவில்லை. முதலில் அப்பா படுக்கையில் விழுந்தார், பிறகு அம்மா, அதற்குப் பிறகு யாரும் கேட்டு வரவில்லை. அதைப் பற்றி நான் யாரிடமும் அழுதது கிடையாது. ஆனால் அந்த ஆள் சொன்ன சொல் முள் மாதிரி உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. அதற்குப் பிறகும் நினைத்தபோதெல்லாம் வந்து கத்திவிட்டுப் போனார். எதிர் வீட்டுச் சீன ஆன்டி திரையை இழுத்துவிடுவாள். தாமரை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். நான் சமையல்கட்டில் நின்று மிக்ஸியைப் போட்டுவிடுவேன். அரைக்க ஒன்றும் இருக்காது, வெறும் சத்தம்தான்.

ஞாயிறு பூசையில் விசுவாசிகள் மன்றாட்டு வரும். உலகெங்கும் விசுவாசத்துக்காகத் துன்பப்படுகிற கிறிஸ்தவர்களுக்காக மன்றாடுவோம் என்று வாசிப்பார்கள். எல்லாரும் சேர்ந்து பதில் சொல்வோம். நாங்கள் மன்றாடுகிறவர்கள் எல்லாம் விமானம் ஏறிப் போக வேண்டிய தேசத்தில் இருக்கிறவர்கள். என் வீட்டுக் கொல்லையில், சாக்கடை நாற்றம் போகாத சுடிதாரை மூன்றாவது தடவையாக அலசிக் காயப் போடுகிறவள் அந்தக் கணக்கில் வர மாட்டாள். அவள்கூடத் தன்னை அப்படி நினைத்துக்கொள்ளவில்லை. இராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் முழங்காலில் நின்று, "அப்பாவுக்கு சக்கரை ஏறாம பாத்துக்குங்க. லோரி ஓட்டும்போது தூக்கம் வராம பாத்துக்குங்க" என்று ஜெபிப்பாள். நான் பக்கத்தில் நின்று ஆமென் சொல்வேன். மனசு அடுத்த நாள் காலை ரயிலில் இருக்கும்.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு புடவைக் கடையில் ரவிக்கைக்கு அளவெடுப்பது என் வேலை. கிள்ளானில் கொம்யூட்டர் ரயிலைப் பிடித்தால் பல நாள்களில் சென்ட்ரல் வரைக்கும் நின்றுகொண்டே போக வேண்டும். அப்புறம் கடையில் நின்றுகொண்டே அளவெடுக்க வேண்டும். திரும்பி வரும்போது கால் வீங்கிப் போயிருக்கும். போன வருஷம் தைத்த அளவே போதும் அக்கா, நான் ஒன்றும் குண்டாகவில்லை என்று சாதிக்கிற பெண்களோடு நாளெல்லாம் மல்லுக்கட்டிவிட்டு வருகிறவளுக்கு, சாயங்காலம் பகைவரை நேசிக்கத் தெம்பு எங்கிருந்து வரும்?

பக்கிரிசாமிக்கு இருதயத்தில் அடைப்பு என்று தாமரையின் அண்ணன் விஜயன்தான் அவளுக்கு ரகசியமாக ஃபோன் பண்ணிச் சொன்னான். புதன்கிழமை பைபாஸ் ஆப்ரேஷன். தங்கச்சிக்குச் சொல்லக் கூடாது என்று அப்பா சத்தியம் வாங்கியிருக்கிறாராம். அன்று நான் வீட்டுக்கு வந்தபோது, தாமரை ஃபார்மசி யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"ஆன்டி, அப்பாவுக்கு ஒரு பூசை வெக்கலாமா?"

எனக்கு வேண்டாம் என்று சொல்லத்தான் வந்தது. என் ஜெபம் அவருக்கு எதற்கு, அவருடைய சாமிகள் என்ன லீவிலா இருக்கின்றன என்று நாக்கு நுனிவரை வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் விழுங்கிக்கொண்டேன்.

"வெக்கலாம். நாளைக்கு வேல முடிஞ்சு வரும்போது பேர குடுத்துட்டு வரேன்."

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. ரயிலை விட்டு இறங்கி நேராகக் கோயில் ஆபீசுக்குப் போனேன். மாரிஸ் கதவைப் பூட்டக் கிளம்பிக்கொண்டிருந்தார். பூசைக்குக் கொடுக்கிற பெயர்களை எழுதி வைத்து, ஞாயிறு காலையில் வாசிக்கிறவரிடம் கொடுப்பது அவர் வேலை. பல வருஷமாகச் செய்கிறார், தூக்கத்தில் எழுப்பினாலும் செய்வார்.

இங்கே எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்களில் பாதிப் பேருக்குப் பாதிச் சொந்தம் இந்துக்கள். பெரியப்பா ஒரு பக்கம், மாமா ஒரு பக்கம், சிலருக்குப் பெற்றவர்களே அந்தப் பக்கம். அவர்கள் உயிரோடு இருக்கும்வரை அவர்களுடைய பெயரைக் கோயிலில் படிக்கக் கொடுக்க மாட்டோம். எங்களைக் கேட்காமல் எங்கள் பெயரை உங்கள் கோயிலில் எதற்குப் படித்தீர்கள் என்று சண்டைக்கு வருவார்கள் என்ற பயம். கண்ணை மூடியபிறகு சண்டைக்கு வர ஆள் இல்லை, தாராளமாகப் பூசை வைப்போம். ஆகையால் பூசைக்கு ஓர் இந்துப் பெயர் வந்தால், அது செத்தவருடைய பெயர். மாரிஸ் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதே இல்லை.

"யாருக்கு?" என்றார்.

"பக்கிரிசாமி. காப்பார்."

"யாரு குடுக்கறது?"

"மகதான். நம்ம தாமரை."

மாரிஸ் பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார். "அட பாவமே. அந்தச் சின்னப் பொண்ணோட அப்பாவா? எப்படி இருக்கா அவ?"

"அழுதுகிட்டுதான் இருக்கா. என்ன பண்றது."

"ஆண்டவரு தேத்துவாரு லா. ஞாயித்துக்கெழமையே போட்டுர்றேன்."

எவ்வளவு அன்பான மனுஷன் என்று நினைத்துக்கொண்டு வந்தேன். அவர் என்ன எழுதினார் என்று எட்டிப் பார்க்கவில்லை. எப்போது செருப்பைக் கழற்றிப்போட்டுக் காலை நீட்டுவோம் என்றிருந்தது எனக்கு.

ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசைக்கு வழக்கமான கூட்டம். பூசை தொடங்குவதற்கு முன்னால், யார் யாருக்காகப் பூசை என்ற கருத்துகளை வாசிக்கத் தொடங்கினார்கள். பிறந்தநாள் நன்றி, பரீட்சை, புது வீடு, பிறகு இறந்தவர்கள். தாமரை பக்கத்தில் உட்கார்ந்து விரல்களைக் கோத்துக்கொண்டு தன் அப்பா பெயருக்காகக் காத்திருந்தாள்.

"இறந்த காப்பார் பக்கிரிசாமியின் ஆன்ம இளைப்பாற்றிக்காக, மகள் தாமரை."

அந்த ஒரு நொடியில் எனக்கு என்ன வந்தது தெரியுமா? நிம்மதி. அப்பாடா, ஒழிந்தது, இனிமேல் கேட்டுக்கு வர மாட்டார் என்ற நிம்மதி. அவர் சாகவில்லை, இது மாரிஸ் செய்த குளறுபடி என்று மூளைக்குப் புரிவதற்கு முன்னாலேயே அது வந்துவிட்டது. கோயிலுக்குள், சிலுவைக்கு நேரே உட்கார்ந்துகொண்டு. அடுத்த நொடியே உடம்பெல்லாம் கூசியது.

திரும்பிப் பார்த்தால் தாமரை பக்கத்தில் இல்லை. நடுவழியாக முன்னால் போய்க்கொண்டிருந்தாள். ஃபார்மசியில் தன் முதலாளியிடம் ஒருநாள் லீவு கேட்கக்கூட இரண்டு நாள் ஒத்திகை பார்க்கிற பெண் அவள். நேராகப் போய் வாசித்துக்கொண்டிருந்தவரை நகரச் சொல்லி, மைக்கில் வாயை வைத்தாள்.

"எங்கப்பா உசுரோட இருக்காரு. தப்பா படிச்சிட்டீங்க. அவருக்குப் புதன்கெழம ஆப்ரேஷன். அவரு சாவல. தயவுசெஞ்சு எல்லாரும் அவரு பொழைக்கணும்னு வேண்டிக்குங்க."

ஃபாதர் எழுந்து வந்து, "பக்கிரிசாமி அவர்களின் நலனுக்காக" என்று சொல்லி நிலைமையைச் சரிக்கட்டினார். தாமரை திரும்பி வந்து உட்கார்ந்தபோது அவளுடைய கை ஐஸ் மாதிரி இருந்தது. அதைப் பிடித்துக்கொள்ள எனக்கு அருகதை இல்லை என்று தோன்றியது. இருந்தாலும் பிடித்துக்கொண்டேன்.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. காப்பாரிலிருந்து வருகிற ஓர் அம்மாள், அந்தப் பெயரை வாசித்ததைக் கேட்டதுமே வெளியே ஓடித் தன் புருஷனுக்கு ஃபோன் போட்டுவிட்டாள். அந்தப் புருஷன் பக்கிரிசாமியோடு லோரி ஓட்டுகிறவர். தாமரை மைக்கில் பேசியது எதுவும் அந்த அம்மாள் காதில் விழவில்லை. பூசை முடிந்து நாங்கள் வெளியே வருவதற்குள் லோரிக்காரர்களுடைய வாட்ஸ்அப் குரூப்பில் பக்கிரிசாமியின் படம், பக்கத்தில் எரிகிற குத்துவிளக்கு, கீழே ஆழ்ந்த அனுதாபங்கள். அந்தக் குரூப்பில் பக்கிரிசாமியும் இருக்கிறார். தன் சாவுச் செய்தியைத் தானே திறந்து பார்த்திருக்கிறார்.

மத்தியானம் விஜயன் ஃபோன் பண்ணினான். குரல் உடைந்து போயிருந்தது.

"ஆன்டி, அப்பா ஆஸ்பத்திரிக்குப் போவ மாட்டேங்கிறாரு. ஒரு தடவ வெளக்கு ஏத்தியாச்சு, இனிமே கத்தி வெச்சா எந்திரிக்க மாட்டேன்னு சொல்றாரு. ஒங்க கோயில்ல ஏதோ செஞ்சிட்டாங்கன்னு நெனைக்கிறாரு. இந்தத் தேதிய விட்டா மறுபடியும் எப்போ கெடைக்கும்னு தெரியாது. அதுவரைக்கும் தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

"நான் என்னடா பண்ணட்டும்?"

"பேரு குடுத்தவள வந்து என் முன்னால நிக்கச் சொல்லுன்னு சொல்றாரு."

தாமரைதான் போகிறேன் என்று எழுந்தாள். அவளைப் பார்த்தால் அப்பாவுக்குப் படபடப்பு வந்துவிடும், வேண்டாம் என்று விஜயன் தடுத்துவிட்டான். ஆகவே நான்தான் போக வேண்டும். வாரத்தில் கால் நீட்டிப் படுக்கிற ஒரே மத்தியானம் அது. அந்த ஆளிடம் போய் நிற்பதைவிட நூறு ரவிக்கைக்கு அளவெடுக்கலாம். என் பழைய காரை எடுத்தேன். தாமரை கேட்காமலேயே பக்கத்தில் ஏறிக்கொண்டாள். வழியெல்லாம் நாங்கள் பேசவில்லை. மின்சார நிலையத்தின் புகைக்குழாய்கள் தெரிந்ததும் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி, ஒரு மாமரத்தின் நிழலில் காரை நிறுத்தி அவளை உட்கார வைத்துவிட்டு நான் மட்டும் நடந்தேன்.

அவரைக் கேட்டுக்கு அந்தப் பக்கமே பார்த்துப் பழகிய எனக்கு, இவ்வளவு சின்ன மனுஷனா என்று இருந்தது. கைலியும் பனியனுமாக நாற்காலியில் சாய்ந்திருந்தார். மூச்சு விடுவதே வேலையாக இருந்தது. சுவரில் அவர் மனைவியின் படத்துக்குப் பூ வைத்திருந்தது. விஜயன் சமையல்கட்டு வாசலில் நின்றுகொண்டான்.

"நீதான் பேரு குடுத்தியா?"

"ஆமாண்ணே."

"நான் சாவணும்னா?"

"இல்லண்ணே. ஆப்ரேஷன் நல்லபடியா நடக்கணும்னு ஒங்க மக கேட்டுச்சு. நான் போய்க் குடுத்தேன். ஆபீஸ்ல இருக்கிறவரு மாத்திப் போட்டுட்டாரு. வேணும்னு செய்யல."

"எப்படி மாத்துவான்? உசுரோட இருக்கிறவனுக்கும் செத்தவனுக்கும் வித்தியாசம் தெரியாதா அவனுக்கு?"

எங்கள் வழக்கத்தை விளக்கிச் சொன்னேன். உயிரோடு இருக்கிற இந்துச் சொந்தங்களின் பெயரை நாங்கள் கொடுப்பதில்லை, செத்தபிறகுதான் கொடுப்போம், அதனால் மாரிஸுக்குச் சந்தேகமே வரவில்லை என்று. பக்கிரிசாமி மூச்சு வாங்கிக்கொண்டு முழுவதையும் கேட்டார்.

"அப்போ நாங்க செத்தாதான் ஒங்க சாமிகிட்ட எங்கள பத்திப் பேசுவீங்க."

இத்தனை வருஷம் கோயிலுக்குப் போகிறேன், அதை எவரும் எனக்கு அப்படிச் சொன்னதில்லை. சொல்ல இந்த ஆள் வேண்டியிருந்தது.

பிறகு என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார். "அப்படிப் படிச்சப்ப அவ என்ன செஞ்சா?"

"யாரு, தாமரையா?"

"வேற யாரு?"

"முன்னால போயி மைக்க புடிச்சு, எங்கப்பா உசுரோட இருக்காருன்னு சொல்லிச்சு. எல்லாரும் அவரு பொழைக்கணும்னு வேண்டிக்குங்கன்னு கேட்டுச்சு."

"அவளா? மைக்லயா?"

"மைக்லதாண்ணே. கோயில் பூரா ஆளுங்க."

"சின்னப் புள்ளைல பள்ளிக்கூடத்துல ஒரு பாட்டு பாடச் சொன்னா, மேடையிலயே ஒண்ணுக்குப் போயிருவா அவ." மனைவியின் படத்துப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் தரையைப் பார்த்தேன். அடுத்தவர் அழுவதைப் பார்க்க எனக்கு வராது.

"நீ என்ன நெனச்ச?" என்றார் திடீரென்று.

"எப்போண்ணே?"

"நான் செத்துட்டேன்னு படிச்சப்ப."

ஒரு பொய் சொல்லியிருக்கலாம். துடித்துப் போய்விட்டேன் என்று சொல்லியிருந்தால் அவரும் திருப்திப்பட்டிருப்பார், நானும் சீக்கிரம் வீட்டுக்குப் போயிருப்பேன். ஆனால் அன்றைக்குப் பொய் சொல்லக்கூட எனக்கு உடம்பில் தெம்பு இல்லை.

"அப்பாடான்னு இருந்துச்சுண்ணே."

விஜயன் சமையல்கட்டு வாசலில், "ஆன்டி" என்றான்.

"இனிமே என் வீட்டு வாசல்ல வந்து கத்த மாட்டீங்கன்னு நிம்மதியா இருந்துச்சு. ஒரு செகண்டுதான். அப்புறம் வெக்கமா போச்சு. கேட்டுல நின்னு நீங்க சொன்ன சொல்லு எனக்கு இன்னும் ஆறல. நான் பெக்காதது என் குத்தமா? ஒங்க புள்ளைய நான் புடிக்கல. ரெண்டு சுடிதாரோட வந்து நின்னுச்சு, கதவ தொறந்தேன். அவ்வளவுதான் நான் செஞ்சது."

பேசி முடித்தபோது ஒரு நெஞ்சு நோயாளியிடம் இப்படிப் பேசிவிட்டோமே என்று எனக்குப் பயம் வந்தது. பக்கிரிசாமி சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு வலித்திருக்க வேண்டும், நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

"காலைலேர்ந்து காப்பாரே ஃபோன் போட்டு அழுவுது. நான் நல்லவன், தங்கமானவன்னு ஒரே பொய்யி. நீ ஒருத்திதான் உண்மைய சொல்லியிருக்கே." மூச்சைச் சேர்த்துக்கொண்டார். "விஜயா, கோப்பி கலக்கு."

கேட்டுக்கு முன்னால் சொன்ன சொல்லைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கோப்பி வந்தது. நான் ஒரு வாய் குடித்தபிறகு சொன்னார்.

"போறேன். ஆனா கையெழுத்து அவதான் போடணும். இவனுக்குப் பேனா புடிக்கவே கை ஆடும். புதன்கெழம அவள கூட்டிட்டு வா."

"சரிண்ணே."

"இன்னொரு கப்பு ஊத்தி எடுத்துக்கிட்டுப் போ. மாமரத்தடியில காரு நிக்கிறது இங்கேர்ந்தே தெரியுது. எவ்ளோ நேரமா ஒக்கார வெச்சிருக்கே அவள? உள்ள எல்லாம் வர வேணாம். அங்கேயே குடிக்கட்டும்."

கோப்பியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கப்பைப் பார்த்ததும் எந்த வீட்டுக் கப்பு என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. குடித்து முடிக்க அவளுக்கு அவ்வளவு நேரம் பிடித்தது. நான் அவசரப்படுத்தவில்லை.

புதன்கிழமை கடைக்கு லீவு போட்டேன். இருதய ஆஸ்பத்திரியின் வராந்தாவில் அவரைத் தள்ளுவண்டியில் படுக்க வைத்துக் கொண்டுவந்தார்கள். தாமரை கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து பக்கத்தில் நின்றாள். அவள் வீட்டை விட்டு வந்தபிறகு அப்பாவும் மகளும் ஒருவரை ஒருவர் கிட்டத்தில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. அவர் அவள் கழுத்தில் கிடந்த சிலுவையைப் பார்த்தார், பிறகு கூரையைப் பார்த்தார்.

உடம்பில் எதுவும் இருக்கக் கூடாது என்று நர்ஸ் மிஸ்ஸி சொன்னாள். மோதிரத்தை விஜயன் வாங்கி வைத்துக்கொண்டான். புஜத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு தாயத்து இருந்தது. மனைவி இறந்த வருஷம் கட்டியதாம், அதன்பிறகு கழற்றவே இல்லையாம். மிஸ்ஸி கத்தரிக்கோலை எடுத்தாள். அவர் கையை மறைத்துக்கொண்டு, வெட்டாதே என்று தலையாட்டினார். தானே பல்லால் கடித்து முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார், முடியவில்லை. தாமரை குனிந்து நகத்தால் நெகிழ்த்தி அவிழ்த்தாள்.

"கீழ வெச்சிராத," என்றார்.

"வெக்க மாட்டேம்பா."

அவ்வளவுதான் பேச்சு. வண்டியை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். தாமரை அந்தத் தாயத்தை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டாள். தாயத்து, மந்திரித்த கயிறு எல்லாவற்றையும் விட்டுவிட வேண்டும் என்று ஞானஸ்நான வகுப்பில் அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். அவள் பயத்தோடு என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் ஜெபமாலையை எடுத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்து உட்கார்ந்தேன்.

நேரம் போய்க்கொண்டே இருந்தது. பிளாஸ்டிக் நாற்காலி முதுகை அறுத்தது. விஜயன் உட்காருவான், எழுந்து நடப்பான், கடைசியில் கார் நிறுத்தின இடத்தில் சம்மன் போடுவார்கள் என்று சொல்லிக்கொண்டு கீழே போனான். தாமரை சாப்பிடவில்லை, தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. மூடிய கையை மடியில் வைத்தபடியே இருந்தாள். மத்தியானத்துக்கு மேல் அவளால் முடியவில்லை.

"ஆன்டி, டாய்லெட்டுக்குப் போயிட்டு வரேன். இத கொண்டுபோவக் கூடாது. நீங்க புடிச்சுக்கிறீங்களா?"

கையை நீட்டினேன். வேறென்ன செய்வது? அவளுடைய வியர்வையில் கயிறு நனைந்திருந்தது. ஒரு கையில் ஜெபமாலை, மறு கையில் பக்கிரிசாமியின் தாயத்து. ஃபாதர் இந்தக் கோலத்தைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ. கயிற்றின் நுனி தொங்கித் தரையில் பட்டுவிடப் போகிறது என்று பயந்து அதை விரலில் சுற்றிக்கொண்டேன். அப்படிச் சுற்றும்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

ஆண்டவரே என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் ஜெபப் புத்தகத்துச் சொல் எதுவும் வரவில்லை. இந்த மனுஷன் எனக்கு ஆகாதவர், இவர் செத்தார் என்றதும் நான் சந்தோஷப்பட்டது உமக்குத் தெரியும், அந்தப் பாவியாகவே கேட்கிறேன், பிழைக்க வையும். பிழைத்து வந்து என் வாசலில் நின்று என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். அவளுக்கு ஒரே அப்பா. தாமரைக்குப் பக்கத்தில் நின்று இத்தனை மாதம் வெறும் ஆமென் சொன்ன வாய்க்கு, அன்றைக்குத்தான் சொந்தமாகக் கேட்க வந்தது. கேட்கக் கேட்கப் பயம் கூடிக்கொண்டே போனது. எங்கே போய்விடுவாரோ என்ற பயம். அந்த ஆளுக்காக எனக்கு.

கதவு திறந்தது. பச்சை உடுப்பில் ஒரு மலாய் மிஸ்ஸி எட்டிப் பார்த்தாள்.

"வாரிஸ் பக்கிரிசாமி?"

நோயாளியின் சொந்தக்காரர்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள். சுற்றிலும் பார்த்தேன். விஜயன் வரவில்லை. தாமரை வரவில்லை. மிஸ்ஸி மறுபடியும் கூப்பிட்டாள். யாரும் வராவிட்டால் கதவைச் சாத்திக்கொண்டு போய்விடுவாள் என்று பதறி நான் எழுந்து நின்றேன்.

ஆப்ரேஷன் முடிந்துவிட்டது, இருதயம் நன்றாக ஓடுகிறது, இன்னும் கண் விழிக்கவில்லை, தீவிர சிகிச்சை வார்டுக்கு மாற்றுகிறோம் என்று மலாயில் கடகடவென்று சொன்னாள். எல்லாம் புரிந்தது. ஆனாலும் இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன். அவள் பொறுமையாக மறுபடியும் சொன்னாள். பிறகு பேனாவை எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"நீங்கள் அவருக்கு என்ன உறவு?"

இந்தக் கேள்விக்கு உண்மையான பதில் எதுவோ, அதை எந்த ஆஸ்பத்திரியிலும் எழுத மாட்டார்கள். அவள் காத்துக்கொண்டிருந்தாள். என் விரலில் கறுப்புக் கயிறு இறுகிச் சுற்றியிருந்தது.

"ஆடிக்," என்றேன். "தங்கச்சி."

அவள் எழுதிக்கொண்டு, ஒருவர் மட்டும் உள்ளே வந்து பார்க்கலாம் என்றாள். என் மருமகள் வருகிறாள், கொஞ்சம் பொறுங்கள் என்று கெஞ்சிக்கொண்டு, கதவு மூடாமல் தோளைக் கொடுத்து நின்றேன்.